மதுரை லாட்ஜுகளுக்கு ஆள் அனுப்புவது யார்?

மதுரையில் ஒருவர் "ஹோட்டலுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் டிபன் சாப்பிடப் போகிறார் என்றுதான் பொருள். தங்குகிற இடத்துக்குப் பெயர் லாட்ஜ். பழைய பெயர்ப் பலகைகளில் "போர்டிங் அண்டு லாட்ஜிங்" என்று இரண்டும் சேர்ந்தே இருக்கும். போர்டிங் சாப்பாடு, லாட்ஜிங் படுக்கை. இந்தச் சின்னக் குழப்பத்துக்கு இன்று பணமாகவே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கூகுள் மேப்பில் தன் லாட்ஜை "ஹோட்டல்" என்று பதிந்து, வகை என்ற கட்டத்தில் உணவகம் என்று விட்டுவைத்திருக்கும் உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறேன். "பார்சல் உண்டா?" என்று கேட்டு அவர்களுக்குப் போன் வரும். ரூம் கேட்டு வராது.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட லாட்ஜுகளைப் பற்றியது. இருபதிலிருந்து ஐம்பது அறை, ஒரு குடும்பத்தின் கையில் நிர்வாகம், வாசலில் தாஜ், மேரியட் போன்ற பெயர் எதுவும் கிடையாது. டவுன் ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேல மாசி வீதி, பெரியார் பஸ் நிலையம், மாட்டுத்தாவணி என்று ஊர் முழுக்க இருக்கின்றன. இவற்றுக்கு ஆள் எப்படி வருகிறது, அந்த ஆளுக்காக லாட்ஜ் எவ்வளவு கொடுக்கிறது, வந்தவர் மறுபடி வர என்ன செய்யலாம் என்பவையே கேள்விகள். ஆலோசனை சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ரீல் போடு, பெயரை மாற்று, வரவேற்பறைக்குக் கிரானைட் போடு என்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரை லாட்ஜ்காரருக்குத் தேவையான விவரம் பெரும்பாலும் அவர் மேசை மேல் கிடக்கும் நீளமான ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது. அவரோ அதைப் போலீஸுக்காக மட்டும் எழுதி வைக்கிறார்.

லாட்ஜுகள் ஏன் ஊரின் மேற்குப் பக்கம் குவிந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1840-களை ஒட்டி கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது ஊர் வெளியே விரிந்தது. அந்த வேலையில் அவரோடு நின்ற பெருமாள் மேஸ்திரி, மாரட் இருவரின் பெயரிலும் இன்றும் வீதிகள் இருக்கின்றன. 1875-இல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. ஸ்டேஷன் மேற்கே அமைந்தது. மீனாட்சி கோயில் நடக்கிற தூரத்தில். ஸ்டேஷனுக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் ஏற்கெனவே இருந்தது. ரயிலில் இறங்குபவர் கோயிலுக்கு நடக்கும் வழியெல்லாம் காலப்போக்கில் லாட்ஜுகள் முளைத்தன. அந்தக் காலத்தில் விளம்பரம் என்றால் அந்த வழிதான். வழியில் இருந்தவர் பிழைத்தார்.

அடுத்து வந்தவர்கள் ஆள் பிடிப்பவர்கள். "சாமி, ரூம் வேணுமா?" என்று ஸ்டேஷன் வாசலில் பெட்டியைப் பிடித்துக்கொண்டே கூட வருபவரையும், "நல்ல லாட்ஜ் இருக்குண்ணே, நான் கூட்டிப் போறேன்" என்று சொல்லும் ஆட்டோக்காரரையும் மதுரைக்கு வந்த எவரும் பார்த்திருப்பார்கள். கூட்டி வந்தவருக்கு லாட்ஜ் கமிஷன் கொடுக்கும். கமிஷன் வாடகையில் ஏறும். இதை இழிவாகப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தெரியாத ஊரில் தங்குகிறவருக்கு எப்போதுமே இடையில் ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்தபோது, கவுந்தியடிகள் சொல்லித்தான் மாதரி வீட்டில் தங்கினார்கள். ஒரு நல்லவரின் வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது. அந்த நம்பிக்கையை இப்போது யார் தருகிறார்கள், என்ன விலைக்குத் தருகிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

இப்போது தருபவை மேக்மைட்ரிப், கோஐபிபோ, புக்கிங்.காம், அகோடா போன்ற தளங்கள். ஓயோ தன் பெயர்ப் பலகையையே லாட்ஜ் மேல் மாட்டிவிடும். இவர்களின் கமிஷன் பொதுவாக 15-லிருந்து 25 சதவீதம் வரை இருக்கும். தேடும்போது முதல் வரிசையில் வர வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பணம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அறை வாடகை 2,000 ரூபாய், கமிஷன் 20 சதவீதம் என்றால் 400 ரூபாய் போகிறது. அந்த 400-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 72 ரூபாய். 2025 செப்டம்பர் 22 வரை 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு வரி 12 சதவீதம். அதில் இந்த 72 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ள முடிந்தது. அன்று முதல் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. கூடவே உள்ளீட்டு வரி வரவும் நின்றுபோனது. விருந்தாளிக்கு நல்ல செய்தி. லாட்ஜ்காரருக்கோ அந்த 72 ரூபாய் இப்போது கைநட்டம். 2,000 ரூபாய் அறையில் 472 ரூபாய் வெளியே போகிறது. நேராக வரும் ஒருவருக்கு 200 ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் லாட்ஜுக்கு 272 ரூபாய் மிச்சம். வரி மாறியபின் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த லாட்ஜ்காரர்கள் எத்தனை பேர் என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

அப்படிக் குறைத்துக் கொடுக்க அனுமதி உண்டா? பல ஆண்டுகளாக இருந்த சண்டை இது. தளத்தில் போட்டிருக்கும் விலையைவிடக் குறைவாக வேறெங்கும் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். இந்திய ஹோட்டல், உணவக உரிமையாளர் சங்கங்களின் கூட்டமைப்பு கொடுத்த புகாரின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 19 அன்று மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. விலைச் சமநிலை நிபந்தனைகளை ஒப்பந்தங்களிலிருந்து எடுக்கவும் மேக்மைட்ரிப்புக்கு உத்தரவிட்டது. ஐரோப்பாவிலும் 2024-இல் புக்கிங்.காம் இத்தகைய நிபந்தனைகளைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆகவே லாட்ஜ்காரர் தன் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை வரிவரியாகப் படிக்க வேண்டும். பல பேர் கையெழுத்துப் போட்டதோடு சரி.

இதற்காகத் தளங்களை விட்டு அடியோடு விலகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஆண்டர்சன் 2009-இல் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு தளத்தில் பெயர் தெரிந்தபோது, அந்தத் தளத்தின் வழியாக அல்லாமல் நேராக வந்த முன்பதிவுகளும் 7.5-லிருந்து 26 சதவீதம் வரை கூடின. நான்கே ஹோட்டல்களை வைத்துச் செய்தது, அதுவும் வேறு நாட்டில். அதை அப்படியே டவுன் ஹால் ரோட்டுக்குப் பொருத்த முடியாது. ஆனால் நடப்பு நமக்குத் தெரியும். ஆள் தளத்தில் பார்க்கிறார், பெயரைக் கூகுளில் போடுகிறார், அங்கே நம்பர் இருந்தால் போன் அடிக்கிறார். அந்தப் போனை யார் எடுக்கிறார்கள்? "ஆன்லைன்ல பாத்துக்கங்க சார்" என்று சொல்லி வைத்துவிடும் ரிசப்ஷன் பையனை நானே கேட்டிருக்கிறேன். 472 ரூபாயைத் தானாகவே தூக்கிக் கொடுக்கிற வேலை அது. கூகுள் 2021 மார்ச் முதல் தங்குமிடங்களின் நேரடி முன்பதிவு இணைப்புகளை இலவசமாகவே காட்டுகிறது. சரியான போன் நம்பர், சரியான இடக்குறி, அசல் விலை, வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு, யுபிஐயில் அட்வான்ஸ் வாங்கும் வசதி. இவ்வளவுக்கும் செலவு கிட்டத்தட்ட இல்லை.

விமர்சனங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனி லாட்ஜுக்கு இதில்தான் பெரிய ஆதாயம். ஹார்வர்டில் மைக்கேல் லூகா 2011-இல் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்தார். யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5-லிருந்து 9 சதவீதம் கூடுகிறது என்று கண்டார். அந்த ஆதாயம் முழுவதும் தனிக் கடைகளுக்கே. சங்கிலி நிறுவனங்களுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. காரணம் எளிது. சங்கிலியின் பெயர் முன்கூட்டியே எல்லாம் சொல்லிவிடுகிறது. பெயர் தெரியாத இடத்துக்கு முன்பின் தெரியாதவர் எழுதுகிற நாலு வரிதான் கவுந்தியடிகள்.

இன்னொரு ஆய்வு நேராகத் தங்குமிடங்களைப் பற்றியது. புரோசெர்பியோ, செர்வாஸ் இருவரும் டெக்சாஸ் மாநில ஹோட்டல்களை எடுத்துக்கொண்டு 2017-இல் வெளியிட்டார்கள். விமர்சனங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கிய ஹோட்டல்களுக்கு மதிப்பெண் சராசரியாக 0.12 நட்சத்திரம் கூடியது, விமர்சனங்களின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது. மோசமான விமர்சனங்கள் எண்ணிக்கையில் குறைந்தன, ஆனால் நீளமாயின. பதில் வரும் என்று தெரிந்தால் மனிதர்கள் பொறுப்போடு எழுதுகிறார்கள். நம் ஊரில் என்ன நடக்கிறது? "காலையில் வெந்நீர் வரவில்லை" என்று ஒருவர் எழுதுகிறார். கீழே "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று ஒரே வாசகம் இருபது பேருக்கும் ஒட்டப்படுகிறது. "அன்று மூன்றாம் மாடி ஹீட்டர் பழுது, மறுநாளே மாற்றிவிட்டோம், மன்னிக்கவும்" என்று ஒரு வரி எழுதினால், படிக்கிற அடுத்த நூறு பேருக்கு அது விளம்பரம். மச்சினனை வைத்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்ததற்குக் காரணமே இந்தப் பழக்கம்தான்.

இனி ரிஜிஸ்டருக்கு வருகிறேன்.

டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் லாட்ஜில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். நீளவாட்டில் தைத்த கணக்கு நோட்டு, ஓரம் எல்லாம் மடங்கிப்போய், நூலில் கட்டிய பேனா. தேதி, பெயர், ஊர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த காரணம், கையெழுத்து என்று பத்திகள். பெயர்களை விட்டுவிட்டு "காரணம்" என்ற பத்தியை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனேன். சாமி கும்பிட. கோர்ட். கண் ஆஸ்பத்திரி. கோர்ட். ஜவுளி. கல்யாணம். சாமி கும்பிட. ஆஸ்பத்திரி. சொந்த வேலை. சில ஊர்ப் பெயர்கள் சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தன, காரணம் கோர்ட் என்றே இருந்தது. "இவங்களுக்கு ஏதாச்சும் தனி ரேட் உண்டாண்ணே?" என்று கேட்டேன். "இதையெல்லாம் யாருப்பா திருப்பிப் பாக்குறா?" என்றார்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்டது. தென் மாவட்ட வழக்குகள் எல்லாம் அங்கேதான். வழக்கு என்றால் வாய்தா. வாய்தா என்றால் மறுபடியும் வருகை. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. இன்று வெளி மாநிலங்களிலிருந்தும் கண் பார்க்க வருகிறார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்தால் மறுபரிசோதனை உண்டு. இவர்கள் ரீல் பார்த்து லாட்ஜ் தேடுகிறவர்கள் அல்லர். வயதானவருக்குக் கீழ்த்தளத்தில் அறை, இரவு பத்து மணிக்குக் கஞ்சியோ இட்லியோ வாங்கி வரும் ரூம் பாய், காலை எட்டுக்கு நீதிமன்றம் இருக்கும் ஒத்தக்கடைப் பக்கம் போக ஆட்டோ என்று இவர்களின் தேவை சிறியது, தெளிவானது. அதைச் செய்துகொடுத்த லாட்ஜை விட்டு அவர்கள் போக மாட்டார்கள். ஊரில் நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்கள். இந்த நான்கு பேருக்குக் கமிஷன் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. போலீஸ் விதிக்காகக் கொடுத்த நம்பருக்குக் கேட்காமல் விளம்பரம் அனுப்புவது முறையல்ல. தனிநபர் தரவுக்கு ஒப்புதல் வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. கிளம்பும்போது "அடுத்த வாய்தாவுக்கு ரூம் எடுத்து வைக்கட்டுமா, வாட்ஸ்அப்பில் கேக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, சரி என்றவரை மட்டும் தனி நோட்டில் குறித்தால் போதும்.

ரிஜிஸ்டர் காட்டும் இரண்டாவது விஷயம் நேரம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் சென்னைக்காரர்களை விடியற்காலையில் மதுரையில் இறக்கிவிடுகிறது. மீனாட்சி கோயில் காலை 5 மணிக்கு நடை திறந்து, நண்பகலில் சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். இறங்கியவருக்கு வேண்டியது குளியல், அப்புறம் தரிசனம். பெரிய ஹோட்டல்களிலும் தளங்களிலும் செக்-இன் நண்பகல் என்கிறார்கள். அதுவரை பெட்டியோடு உட்கார்ந்தால் காலை தரிசனம் போயிற்று. வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்ற பழைய லாட்ஜ் வழக்கம் மதுரையின் ரயிலுக்கும் கோயிலுக்கும் அளந்து தைத்த சட்டை. தளங்களுக்காக இதைக் கைவிட்டு எல்லோரையும் போல 12 மணி என்று மாறிய லாட்ஜுகள் தங்கள் ஒரே தனிச் சிறப்பைத் தாங்களே தூக்கி எறிந்துவிட்டதாகவே நினைக்கிறேன். "காலை 5 மணிக்கு வரலாம், மறுநாள் 5 மணி வரை இருக்கலாம்" என்று பெயர்ப் பலகையிலும் கூகுள் பக்கத்திலும் முதல் வரியாகப் போட வேண்டும்.

அதே போலத்தான் செல்போன். 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தபின் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை வந்தது. அறையிலேயே போனை வைத்துப் பூட்டிவிட்டு நடந்து போகலாம் என்பது கோயில் பக்கத்து லாட்ஜ் கொடுக்கும் நிம்மதி. கார் எங்கே நிறுத்துவது, எந்த வீதிவரை வண்டி வரும், அங்கிருந்து எத்தனை நிமிட நடை, லிஃப்ட் உண்டா என்று தெளிவாக எழுதினால், பாட்டியைக் கூட்டி வரும் குடும்பம் அந்த லாட்ஜைத்தான் எடுக்கும். கட்டிலில் துண்டை அன்னப்பறவையாக மடித்து எடுத்த போட்டோ அவர்களுக்கு எதுவும் சொல்லாது.

மூன்றாவது, பருவம். கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலை போகிற, திரும்புகிற ஐயப்ப பக்தர்கள் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகத்திலிருந்து வண்டி வண்டியாக மதுரை வழியே வருகிறார்கள். தையில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. சித்திரையில் திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும். பள்ளி விடுமுறையில் ராமேஸ்வரம், மதுரை, கன்னியாகுமரி என்று சுற்றும் வடநாட்டுக் குடும்பங்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் போகத் தொடங்கியது இவர்களுக்கு வசதி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேண்டியது வேறு. ஐயப்பமார்களுக்குப் பெரிய அறை, நிறையக் குளியலறை, தெலுங்கு பேசும் ஒரு ஆள். வேன் வைத்து வருபவர்களின் விஷயத்தில் முடிவெடுப்பவர் பல நேரம் டிரைவர். அவருக்குப் படுக்க ஒரு பாயும் ஃபேனும் குளிக்க இடமும் கொடுக்கிற லாட்ஜுக்கு அவர் அடுத்த வண்டியையும் கொண்டுவருவார். காரிலேயே கொசுக்கடியில் தூங்கவிட்ட லாட்ஜை அவர் மறக்கவும் மாட்டார். டிரைவருக்குக் கமிஷன் கொடுப்பதைவிட அவரை மனிதராக நடத்துவது மலிவு, அதுதான் மரியாதையும்.

சித்திரைத் திருவிழாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க இரண்டு மாதம் முன்பே ஒரு லாட்ஜுக்கு அட்வான்ஸ் அனுப்பியிருந்தது. வந்து இறங்கியபோது "ரூம் இல்ல, அட்வான்ஸை வாங்கிக்கங்க" என்றார்கள். இரண்டு மடங்கு கொடுத்த வேறொருவருக்கு அறை போயிருந்தது. எழுபது வயது அத்தை அன்று இரவை ஸ்டேஷன் பெஞ்சில் கழித்தார். அவர்கள் ஊரிலிருந்து இனி யாரும் அந்த லாட்ஜ் வாசலை மிதிக்கப் போவதில்லை. திருவிழாவுக்கு விலை ஏறுவது இயல்பு, அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கொடுத்த வாக்கை மாற்றுவது வேறு. எந்த ஆலோசகரும் எந்த ரீலும் அந்த ஒரு இரவைத் திருத்த முடியாது.

கதையை விற்கும் வழியும் ஒன்று இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எல்லோருக்கும் ஆகாது. கோச்சடையில் 1970-களில் மதுரா மில் அதிகாரிகளுக்காக இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கிளப்தான் இன்றைய ஹெரிடேஜ் மதுரை விடுதி. காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் 1999-இல் தொடங்கிய "பங்களா" என்ற விடுதி, செட்டிநாட்டுச் சமையலையே தன் அடையாளமாக்கி வெளிநாட்டுக்காரர்களை வரவைத்தது. அங்கே சாப்பாடு வாழை இலையில் வரும். விரும்பினால் சமைக்கவும் கற்றுக்கொள்ளலாம். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி இருப்பதால், பழைய லாட்ஜ் மொட்டை மாடியிலிருந்தே கோபுரம் தெரிகிறது. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் சிலர் அங்கே நாற்காலி போட்டு உணவகம் நடத்துகிறார்கள். உங்களிடம் இப்படி ஒன்று இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இருப்பதாகக் காட்ட வேண்டாம்.

அதைவிட எல்லோராலும் முடிந்தது இரண்டாவது இரவு. மதுரையை ஒரே இரவில் முடித்துக்கொண்டு கொடைக்கானலுக்கோ ராமேஸ்வரத்துக்கோ கிளம்பிவிடுவதுதான் வழக்கம். 2023 மார்ச் 5 அன்று திறந்த கீழடி அருங்காட்சியகம் 12 கிலோமீட்டரில் இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலை, திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், தெப்பக்குளம் என்று ஒரு முழுநாளுக்கு விஷயம் உண்டு. ரிசப்ஷன் மேசையில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலத்தில் ஒரு தாள், நியாயமான ஆட்டோ வாடகையோடு, வைத்தால் போதும். ஏற்கெனவே வந்துவிட்டவரின் இரண்டாவது இரவுக்கு எந்தத் தளத்துக்கும் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை.

லாட்ஜ் நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன் போன ஆண்டு ரிஜிஸ்டரை எடுத்து, ஊர்ப் பத்தியையும் காரணப் பத்தியையும் மட்டும் ஒரு தாளில் எண்ணிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.